எனக்குத் தலைக்கனம் உண்டு

மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உரத்த குரலில் அவையோரை விளித்துப் பழகிய நான் இன்று உங்களைத் தாழ்ந்த குரலில் விளிக்கிறேன். சற்று முன்வரிசைக்கு வந்து அமருங்கள். கடைசி வரிசை வரை எட்டும் குரல் இப்போது என்னிடம் இல்லை. ஓய்வு பெற்ற பேச்சாளன் என்றதும் நரைத்த தலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இந்த எழுபத்திரண்டாம் ஆண்டில் என் வயது முப்பத்தைந்து. தலையில் ஒரு நரைகூட இல்லை. கையில் கோல் மட்டும் இருக்கிறது.

எதுகையை எங்கே வைப்பது, கையை எப்போது உயர்த்துவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. வாயைத் திறப்பதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரத்திற்குள் எடுக்க வேண்டிய முடிவுகள் சில உண்டு. அவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்தேன். வார நாள்களில் இலக்கணம், வார இறுதிகளில் மேடை. இந்த மலையில் எந்த ஊரில் நூலகம் திறந்தாலும், எந்த வாசகசாலை ஆண்டுவிழா எடுத்தாலும், என்னைத்தான் அழைத்தார்கள். காரணம், என் 'ஏற்றம்'. பேச்சின் முடிவில் வாக்கியங்களைப் படிக்கட்டுகளைப் போல் அடுக்கி, ஒவ்வொரு படியிலும் குரலை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, கடைசிச் சொல்லை வானத்தை நோக்கி எறிவேன். அது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வரும். இதைத் தற்பெருமை என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வடகவுஞ்சியில் ஒரு மாலைக் கூட்டம். மலைச்சரிவில் மேகம் மேய்ந்துகொண்டிருந்தது. ஏற்றத்தின் உச்சியில் நின்று "எழுக!" என்று முழங்கினேன். அதே கணத்தில் பிடரியில் யாரோ உலக்கையால் ஓங்கி இடித்தாற்போல் இருந்தது. வெளிச்சம் தண்ணீராகிவிட்டது. எதிரே இருந்த முகங்கள் ஏரியில் மிதக்கும் இலைகளைப் போல் மெல்ல விலகின, மெல்லக் கூடின. என் கால்கள் எங்கோ தொலைவில் ஒரு படகின்மேல் நின்றன. நான் எழுப்பிய சொல் எதிர்மலையிலிருந்து திரும்பி வந்தது. அது வேறு யாரோ என்னைக் கூப்பிடுவது போல் கேட்டது. சில மூச்சுகளுக்குப் பின் வலி வடிந்தது. நான் வாய் பேசாமல், கண்ணை மூடி, அசையாமல் நின்றிருந்திருக்கிறேன்.

கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. கீழே இறங்கியதும் ஓர் இளைஞர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கடைசியில அப்பிடியே நிறுத்துனீங்க பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு! அது எப்பிடிண்ணே?"

நானும் அதைக் கலை என்றே ஒப்புக்கொண்டு புன்னகைத்தேன். நீங்கள் மேடையில் மௌனமாக நின்றால், அந்த மௌனத்திற்கான பொருளை எதிரே இருப்பவர்கள் எழுதிவிடுவார்கள். பொருள் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் வரை இனிமைதான். எப்போதும் அப்படி இருக்காது என்பதை நான் போளூரில் கற்றேன். அதற்கு முன், நடுவில் இருந்த நாள்களைச் சொல்ல வேண்டும்.

அந்த உலக்கை பிறகு மேடைக்கு மட்டும் வருவதாக இல்லை. இருமினால் வரும், தும்மினால் வரும், செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் வரும், தண்ணீர் வாளியைத் தூக்கினால் வரும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, வாய்விட்டுச் சிரித்தால் வரும். வந்து, சில மூச்சுகள் இருந்து, போய்விடும். போன பிறகு காதுக்குள் பைன் மரக்காட்டின் காற்று நெடுநேரம் வீசிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்தால் தரை சற்றுத் தாமதமாகவே என் கால்களுக்கு அடியில் வந்து சேரும். தண்ணீர் தொண்டையில் வழி தவறி மூச்சுக்குழல் பக்கம் போய்விடும். இடக்கை விரல்கள் தொட்டதை உணரும், ஆனால் அது சூடா குளிரா என்று சொல்லாது. நான் பாதி விழிப்பிலும் பாதிக் கனவிலும் நடமாடினேன். மூடுபனி இல்லாத நாள்களிலும் எனக்கென்று கொஞ்சம் மூடுபனி இருந்தது.

ஊர் மருத்துவர் நாடி பார்த்து, "நரம்புத் தளர்ச்சி. பேச்சைக் குறைங்க, டானிக் சாப்பிடுங்க" என்றார். பேச்சைக் குறைப்பதா! டானிக்கை மட்டும் சாப்பிட்டேன்.

ஆகவே மேடையில் சில பழக்கங்களை அமைத்துக்கொண்டேன். மாலை போட வந்தால் கழுத்தைக் குனியாமல் கையில் வாங்கிக்கொள்வேன். எல்லாரும் குடிக்கும் கோலி சோடாவை வேண்டாம் என்று தள்ளிவிடுவேன். எதிரணியினர் எவ்வளவு பெரிய நகைச்சுவை சொன்னாலும் உதட்டைக்கூட அசைக்க மாட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடலோடு முழுவதுமாகத் திரும்புவேன், ஒரு தேர் திரும்புவதைப் போல. ஊர் இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து ஒரே சொல்லில் விடை சொன்னது. தலைக்கனம். வாத்தியாருக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது.

எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. நோயாளி என்ற பட்டத்துக்கு இரக்கம்தான் கிடைக்கும், தலைக்கனக்காரன் என்ற பட்டத்துக்கு அச்சம் கிடைக்கும். பேச்சாளனுக்கு எது பயன்படும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒருவர் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அட்டுவம்பட்டியில் நான் குடியிருந்த வீட்டு வாசல் வழியாக, முத்தம்மாள் என்பவர் நாள்தோறும் வெள்ளனே காய்கறிக் கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போவார். கூடவே நாலைந்து பெண்கள். பள்ளிக்குப் போகும் நான் அவர்களுக்குப் பின்னால் நடப்பேன். அவர்கள் கழுத்தை வைத்திருந்த விதத்தில் வைத்தால் எனக்குத் தரை ஆடாது என்று ஒருநாள் கண்டுகொண்டேன். பிறகு தினமும் அப்படியே நடந்தேன்.

"ஏன் வாத்தியாரே, தலையில என்னத்த வச்சிருக்கீங்க? எங்கள மாதிரியில்ல நடக்குறீங்க!" என்றார் முத்தம்மாள், திரும்பாமலே.

"ஒன்றுமில்லையே அம்மா."

"ஒண்ணுமில்லாமயா இந்த நடை? எங்களுக்காச்சும் சந்தையில எறக்கி வச்சா முடிஞ்சுது சோலி. நீங்க எங்க போயி எறக்குவீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். கூடை சரியாத அளவுக்கு, தொண்டைக்குள்ளேயே சிரித்தார்கள். அப்படியும் சிரிக்கலாம் என்பதை அன்று குறித்துக்கொண்டேன்.

இனிப் போளூர், மேல்மலையில் ஒரு சிற்றூர். வாசகசாலைக் கூட்டம் முடிந்து, பலகைகளை அடுக்கிச் செய்திருந்த படிகளில் இறங்கினேன். மழை பெய்து பலகை வழுவழுப்பாயிருந்தது. மாலை வெளிச்சம் மங்க மங்க, என் கால்களுக்குத் தரையின் முகவரி மறந்துபோயிற்று. தள்ளாடினேன். ஒருமுறை அல்ல, இறங்கி நடந்த தூரம் முழுவதும். மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம் அது என்பதை மறக்காதீர்கள். ஒரு போலீஸ்காரர் எதிரே வந்து நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. வாயக் கொஞ்சம் ஊதுங்க."

"நான் ஆசிரியன்."

"அதேன் சார் பதமாச் சொல்லுறேன். ஒரே ஒரு ஊது. வெரசா ஊதிட்டுப் போயிருங்க. கூட்டம் பாத்துக்கிட்டு நிக்குது."

தம்பிகளே, பிறருக்கு அது மிக எளிது. குடிக்காதவன் ஊதிவிட்டுத் தலை நிமிர்ந்து போகலாம். ஆனால் முழு மூச்சையும் சேர்த்து ஊதினால், முழங்கினால் வரும் அதே உலக்கை வரும். வந்தால் அந்தச் சேற்றில், அத்தனை பேர் முன்னிலையில் விழுவேன். விழுந்தவனின் வாயை எவர் முகர்ந்து பார்ப்பார்? விழுந்ததே சான்றாகிவிடும்.

"ஊத மாட்டேன்" என்றேன்.

போலீஸ்காரர் என் முகத்தருகே வந்து நின்று, மூச்சை இழுத்துப் பார்த்து, தலையைச் சொறிந்தார். "வாடை ஒண்ணும் காங்கல. ஆனா, ஊத மாட்டேங்கிறாரே!" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு என்னை விட்டுவிட்டார். ஊர் விடவில்லை. வாடை இல்லை என்ற பாதி போளூரிலேயே தங்கிவிட்டது. ஊத மறுத்தார் என்ற மறுபாதி மட்டும் எனக்கு முன்னால் பேருந்தேறிக் கொடைக்கானல் வந்து சேர்ந்தது.

பள்ளித் தாளாளர் என்னை அழைத்தார். குரலை உயர்த்தாத மனிதர். "குடிக்கிற ஆசிரியரை நான் வைத்துக்கொள்ள முடியாது. குடிக்காதவர் ஊத மறுத்தது எனக்குப் புரியவும் இல்லை. சீசன் பட்டிமன்றத்தில் நீங்கள் ஓர் அணிக்குத் தலைவர். நான் முன்வரிசையில் இருப்பேன். அங்கேயும் தள்ளாடினால், அதன்பிறகு மேடையும் இல்லை, வகுப்பும் இல்லை."

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது? எனக்கு வலி இருந்தது, பெயர் இல்லை. பெயர் இல்லாத வலியை மேடைக்காரன் சொன்னால், அதுவும் நடிப்பு என்பார்கள்.

பட்டிமன்றத்தின் தலைப்பைக் கேளுங்கள். மனிதருக்கு அழகு தலை நிமிர்வதா, தலை தாழ்வதா? நிமிர்தலுக்கு நான். தாழ்தலுக்கு எஸ்தர் டீச்சர். மிஷன் பள்ளியில் தமிழ் கற்பித்தவர், என் வயதுதான். இந்த மலையில் என் ஏற்றத்திற்கு அஞ்சாத ஒரே நாக்கு அவருடையது.

அன்று பிற்பகல் மண்டபத்தின் பின்கட்டில் எல்லாருக்கும் பித்தளை டம்ளரில் டீ வந்தது. எஸ்தர் டீச்சர் தொட்டுவிட்டு, "ஐயோ, நெருப்பு!" என்று கையை உதறினார். நான் அதே சூட்டு டம்ளரை இடக்கையில் இறுகப் பிடித்தபடி என் முதல் வாக்கியத்தை மனத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், கை சுடலையா?"

"இல்லையே."

அவர் என் விரல்களைப் பார்த்தார். அவை சிவந்திருந்தன. "இன்னைக்காவது என் ஜோக்குக்குச் சிரிப்பீங்களா, இல்ல அதுக்கும் தலைப்பு கொடுக்கணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேடைக்குப் போனார்.

முதலில் பேசியவர் அவர். "நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் நிமிர்தலுக்குப் பேச வந்திருக்கிறார். அவர் வேறு எதற்குப் பேச முடியும்? மாலை கொண்டுபோனாலே குனியாதவர். அதற்குப் பெயர் நிமிர்வு அல்ல. எங்கள் ஊரில் அதைத் தலைக்கனம் என்பார்கள்!"

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. மிகச் சரியான அடி. நானே அவரிடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "தலைக்கனமா, வேற கனமா? ஊதச் சொல்லுங்க டீச்சர்!"

இன்னொரு குரல். "ஏலே, அவரு ஊத மாட்டாருலே!"

சிரிப்பு இப்போது வேறு நிறமாயிற்று. எஸ்தர் டீச்சரின் முகம் வாடியதைக் கண்டேன். அது அவர் எறிந்த கல் அல்ல. அவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்தார். நடுவர் என் பெயரைச் சொன்னார். நான் எழுந்தேன்.

அந்நேரத்தில் மூடுபனி சன்னல்கள் வழியாக உள்ளே வந்தது. இந்த மலைக்குப் புதியவர்கள் சன்னலைச் சாத்துவார்கள். எங்களவர்கள் அதற்கு இடம் விட்டு அமர்வார்கள். விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது. ஒலிபெருக்கி செத்தது. வெள்ளைக்குள் தலைகள், தலைகளுக்கு அப்பால் தலைகள், கடைசியில் வாசலருகே கூடைக்காரப் பெண்களின் சும்மாட்டுத் துணிகள். "ஊது! ஊது!" என்ற குரல்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் மிதந்து வந்தன. அது கனவில் நிகழ்வது போலவே இருந்தது. கனவில் நாம் ஓட நினைப்போம், கால் வராது. எனக்குக் குரல் இருந்தது, எடுத்தால் விழுவேன்.

மேடையின் மரபு ஒன்றே. இரைச்சல் எழுந்தால் அதைவிட உரக்கப் பேசி அடக்கு. என் உடம்பெல்லாம் அதற்குத் தயாரானது. நெஞ்சு மூச்சை இழுத்துவிட்டது. முன்வரிசையில் தாளாளர் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒரே முழக்கம், கூட்டம் அடங்கும். ஒரே முழக்கம், நான் சாய்வேன். அந்த மூச்சை, எவரும் அறியாதவாறு, சிறிது சிறிதாக வெளியே விட்டேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த மிகச் சிறந்த முடிவு, அந்த மூச்சைப் பயன்படுத்தாமல் விட்டதுதான்.

பயனற்ற ஒலிபெருக்கியை விட்டு விலகி, மேடையின் விளிம்புக்கு வந்து, வீட்டில் பேசும் குரலில் சொன்னேன். "ஆம். எனக்குத் தலைக்கனம் உண்டு."

முன்வரிசை அமைதியாயிற்று. என்ன சொன்னான் என்று இரண்டாம் வரிசை கேட்டது. அதற்காக அதுவும் அமைதியாயிற்று. அமைதி, பனியைப் போலவே, வரிசை வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்தது.

"என் தலைக்குள் ஒரு கனம் இருக்கிறது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. குனிந்தால் அது முன்னால் சரிகிறது. அண்ணாந்தால் பின்னால் சரிகிறது. சிரித்தால் சிந்துகிறது. ஊதினால் உடைகிறது. ஆகவே நான் குனிவதில்லை, சிரிப்பதில்லை. ஊதவும் இல்லை. மது என் வாயில் பட்டதில்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள்."

"இனி என் கட்சியைச் சொல்கிறேன். வாசலில் நிற்கும் தாய்மார்களைத் திரும்பிப் பாருங்கள். கூடை தலையிலிருக்கும்போது அவர்கள் குனிந்து நடக்கிறார்களா? வாய்விட்டுச் சிரிக்கிறார்களா? கூப்பிட்டால் கழுத்தைத் திருப்புகிறார்களா? அவர்களை யாராவது தலைக்கனக்காரிகள் என்று சொன்னதுண்டா? சுமை கண்ணுக்குத் தெரிவதால் சொல்லவில்லை. நிமிர்ந்து நடப்பவன் எல்லாம் செருக்கன் அல்லன். தலையில் சுமை உள்ளவர் நிமிர்ந்துதான் நடந்தாக வேண்டும். நிமிர்வு அவர்களுக்கு அழகு மட்டும் அன்று, அதுவே அவர்கள் சுமக்கும் முறை."

ஏற்றம் இல்லை. எதிர்மலைக்கு எறிந்த சொல் இல்லை. அவ்வளவுதான் பேச்சு. யாரும் கைதட்டவில்லை. பனிக்குள்ளிருந்து முத்தம்மாளின் குரல் மட்டும் வந்தது. "அதத்தானே நானும் கேட்டேன்? ஒண்ணுமில்லன்னு சொன்னாரே இந்த மனுசன்!"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், தொண்டைக்குள்ளேயே.

மறுப்புரை எஸ்தர் டீச்சருக்கு உரியது. அவர் எழுந்தார். ஒரு கணம் என் இடக்கையைப் பார்த்தார். "நடுவர் அவர்களே! மலைப்பாதையில் சுமை எதிரே வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஓரமாக ஒதுங்கி, தலை தாழ்த்தி, வழி விடுகிறோம். எதிரணித் தலைவருக்கு நான் வழி விடுகிறேன். வழி விடுவதுதான் தாழ்தல். தாழ்தல்தான் அழகு. ஆகவே என் கட்சியே வென்றது!"

அமர்ந்துவிட்டார். கூரை பிளக்கும் கைதட்டல். நடுவர் அவருக்கே தீர்ப்பளித்தார். சரியான தீர்ப்பு. தோற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆனால் இன்னும் படிகள் இருந்தன. தாளாளர் எழுந்து நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பனி அடர்ந்திருந்தது. முதல் படியில் தரை நழுவியது, தள்ளாடினேன். ஒளிக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடிக் கட்டையைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். அப்போது வாசலிலிருந்து அந்தப் பெண்களின் குரல், பாதையில் தினமும் கேட்கும் அதே குரல், எழுந்தது. "சொம வருது, வழி விடுங்க!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தாளாளரும் ஒதுங்கினார். நான் கடக்கும்போது, "நாளைக்கு முதல் பீரியட் உங்களுக்குத்தானே? மெதுவாகவே வாருங்கள்" என்றார்.

வாசலில், பந்தோபஸ்துக்கு வந்திருந்த போளூர்ப் போலீஸ்காரர் நின்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார்?"

"அன்றைக்குச் சொல் கிடைக்கவில்லை."

"உங்களுக்கேவா!" என்று அவர் வியந்ததை எனக்குக் கிடைத்த பொன்னாடைகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு சமவெளியில் ஒரு பெரிய மருத்துவமனையில் முதுகில் ஊசி வழியாக மருந்தேற்றி, மேசையைச் சாய்த்துப் படமெடுத்தார்கள். சிறுமூளையின் அடிப்பகுதி, மண்டையோட்டின் கீழ்த்துளை வழியாகக் கழுத்துக்குள் சற்று இறங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். பிறவியிலேயே இருந்திருக்குமாம். கியாரி என்று அதற்குப் பெயர் சொன்னார். அறுவை செய்யலாம், அதில் ஆபத்தும் உண்டு, இப்படியே கவனமாகவும் வாழலாம் என்றார். நான் கவனமாக வாழ்கிறேன். குரல் மட்டும் ஆண்டுக்காண்டு தேய்ந்ததால், சென்ற ஆண்டு மேடையைவிட்டு இறங்கினேன்.

"அப்படியானால் தலை, இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது, இல்லையா?" என்று அன்று அந்த மருத்துவரைக் கேட்டேன்.

"ஒரு வகையில் அப்படித்தான்."

எஸ்தர் டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "பாத்தீங்களா சார்! உங்க தலையே என் கட்சி!"

அன்று என்னை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உலக்கை வந்தது. ஏரியும் இலைகளும் வந்தன. அவர் என் அருகிலேயே, அது போகும் வரை நின்றார்.

தம்பிகளே, தங்கைகளே! நான் இப்போது உங்கள் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் அமர்கிறேன். மேடையில் உங்களில் ஒருவர் திடீரென்று நின்றுவிட்டால், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காவிட்டால், கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினால், உங்கள் தலையில் என்ன இருக்கிறதென்று நான் கேட்க மாட்டேன். என் கோலை ஒதுக்கி, கால்களை இழுத்துக்கொண்டு, வழி விடுவேன்.